சொர்ணபுஷ்பத்தின் பஜார்

சொர்ணபுஷ்பம் செத்துப்போய், பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்து, வாடகைக்கு எடுத்த நாற்காலிகளும் கடைக்குத் திரும்பிப் போய், பொங்கலும் அந்த வீட்டில் பொங்காமலே கழிந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில், அவள் பாதியில் விட்டுப்போன படத்துக்குள் டீக்கடை அரிராமன் வந்து நின்றார். வலது கை தலைக்கு மேலே, இடது கை இடுப்புக்குக் கீழே, இரண்டுக்கும் நடுவில் கயிறு மாதிரி நீண்டு இறங்கும் டீ, அக்குளில் கிழிந்த வெள்ளை பனியன், தோளில் துண்டு, எல்லாம் அப்படியே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது அந்தப் படத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

பருத்திவிளையின் சித்திரக்கூடம் முன்காலத்தில் பஞ்சுப்பேட்டையாக இருந்தது. பருத்தி போன பிறகு அதில் ஆட்டுச்சந்தை நடந்தது, ஆடு போன பிறகு தேர்தல் பெட்டிகளை வைத்தார்கள், பெட்டிகளும் போன பிறகு வௌவால் மட்டும் இருந்தது, அதன் பிறகுதான் நகராட்சி அதை ஊர்ச் சித்திரக்காரர்களுக்குக் கொடுத்தது. உத்திரத்தில் பல வருஷமாக ஒட்டிக்கிடந்த பஞ்சு, மின்விசிறி ஓடும்போதெல்லாம் ஒன்றிரண்டாக உதிர்ந்து ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பருத்திவிளைக்காரர்கள் வரைந்த வானம் எல்லாவற்றிலும் கொஞ்சம் நிஜப் பஞ்சு இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவார்கள், உள்ளூர்க்காரர்களும் மறுப்பதில்லை.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் அங்கே உள்ளூர்க்காரர்களின் கண்காட்சி வைப்பார்கள். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் தேவசகாயம் சார்தான் சித்திரக்காரர் சங்கத்தலைவர், அவர் பனைமரம் வரைவார். சைக்கிள் கடை மைதீன் கடல் பக்கமே போகாதவர், ஆனால் கப்பல் மட்டும்தான் வரைவார். பல் டாக்டர் சம்சாரம் வைதேகி கண்ணாடியில் சாமி வரைவாள். ஜாக்கெட் தைக்கிற சொர்ணபுஷ்பம், மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பின பிறகு வீட்டில் சத்தம் குறைந்துபோனதைத் தாங்கமாட்டாமல் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகத் தொடங்கி, மாஸ்டர் சொன்னதில் பாதியை மட்டும் கேட்டு, மனுஷர்களை வரைந்தாள். அவள் வரைகிற மனுஷர்களுக்குப் பாதம் மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். கேட்டால், நின்னா விழக்கூடாதுல்ல சார் என்பாள்.

அவள் புருஷன் பால்துரைக்கு ஒரு குட்டியானை வண்டி. சிமெண்ட், கட்டில், வாழைத்தார், கல்யாணச் சீர் என்று எது கிடைத்தாலும் ஏற்றுகிற வண்டி. கண்காட்சி வந்தால் ஊரிலுள்ள படங்களையெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சாக்கு சுற்றி ஏற்றிக்கொண்டு வந்து, ஏணி போட்டு, ஆணி அடித்து மாட்டுவதும், முடிந்ததும் கழற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்தான். இந்த வருஷம் என்னென்ன அண்ணாச்சி மாட்டியிருக்கு என்று யாராவது கேட்டால், பனை, கப்பல், சாமி, ஆளுக என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை மடிப்பார்.

மார்கழியில் ஒரு நாள் காலையில், தலை வலிக்குது என்று சொர்ணபுஷ்பம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். பகலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். தைக்கக் கொடுத்த துணி தைக்காமலே கிடக்கிற பெண்கள்கூட அதை மறந்து அழுதார்கள். பால்துரை அழவில்லை. அழக்கூடாது என்று அவர் வீம்பாக இருக்கவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் தன்னுடையதாக இல்லாமல் கிடக்குமே, அந்த மாதிரி நெஞ்சு மரத்துக் கிடந்தது. ரத்தம் ஓடத் தொடங்கினால் குத்தும், அப்போது அழுதுகொள்ளலாம் என்று காத்திருந்தார். ஓடவில்லை. சவரம் பண்ணினார், சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டார், வண்டி ஓட்டினார். மகள் ஜெயராணி ஓசூரிலிருந்து தினமும் போன் பண்ணி, சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்பாள். சாப்பிட்டேம்மா என்பார். அது உண்மைதான். என்ன சாப்பிட்டீங்க என்று அவள் அடுத்துக் கேட்டால்தான், தட்டை எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

அவள் கடைசியாக எடுத்தது கதவளவு பெரிய கேன்வாஸ். பஜார், சாயங்கால வெயில். கடைகள், வேப்பமரம், கூட்டுறவு பாங்கின் மஞ்சள் சுவர், தலைக்கு மேலே சிக்கலாகப் போகிற கரண்ட் வயர் எல்லாம் தீட்டி முடித்திருந்தாள், ஆட்களை இன்னும் தொடங்கவில்லை. இருக்கிறபடியே மாட்டுவோம், மரியாதையாக இருக்கும் என்று சங்கத்தில் பேசி, அமரர் சொர்ணபுஷ்பம் என்று அட்டை எழுதி, கூடத்தின் கோடியில் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். ஆணி அடித்தது பால்துரை. செவ்வந்தி மாலை போட்டதும் அவர்தான். ஊடுபாதையில் நின்று பார்த்தவர்கள், ஆளில்லாத பஜாரைப் பார்த்ததும் எங்கேயோ கடையடைப்பு என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். அந்தப் படத்துக்குள்தான் அரிராமன் வந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

யாரோ கை வைத்துவிட்டார்கள் என்றுதான் தேவசகாயம் சார் முதலில் நினைத்தார். சாயம் ஈரமாக இருந்தது, பூட்டு பூட்டியபடி இருந்தது. மைதீன் விரலையும் வைதேகி விரலையும் பார்க்காத மாதிரி பார்த்தார், சுத்தமாக இருந்தன. அப்புறம் குனிந்து, அரிராமனின் பாதத்தைப் பார்த்தார். பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, புஷ்பம்மாதான் என்றார். அதன் பிறகு ஊரில் யாரும் அது எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. அது முறைதானா என்றுதான் கேட்டார்கள்.

சங்கம் கூடியது. படத்தை ஒப்படைத்த பிறகு வரைந்தவர் அதில் கை வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது, நாங்களெல்லாம் அவசர அவசரமாக முடித்துக் கொடுத்தோம், ஒருத்திக்கு மட்டும் அவகாசமா என்று வைதேகி கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தம்மா கூடத்துக்குள்ள வந்ததுக்குச் சாட்சி இல்லையே என்று மைதீன் சொன்னார், அதிலும் நியாயம் இருந்தது. வெகுநேரம் பேசி, வரைபவர் உள்ளே நுழைந்ததாகத் தெரியாதவரை விதி மீறப்படவில்லை என்று தீர்மானம் எழுதினார்கள். எல்லோரும் எழுந்துகொண்ட பிறகு வைதேகிதான் தயங்கித் தயங்கி, வேலை பாக்கிறவளுக்கு மாலை எதுக்கு, கையில இடிக்காதா என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது. பால்துரை ஏணி போட்டு ஏறி, தான் போட்ட மாலையைத் தானே கழற்றினார். அட்டையில் இருந்த அமரர் என்ற சொல்லை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார்கள்.

அடுத்த நாள் ஆவின் பூத்துக்காரர் வந்தார். அதற்கடுத்து மருந்துக்கடை வாசலில் இருமிக்கொண்டு ஒரு பெரியவர், பூ கட்டுகிற முப்பிடாதி, அவள் மடியில் தூங்குகிற பூனை. சாயம் தீர்ந்துபோனால் சொர்ணபுஷ்பம் என்ன செய்வாள் என்று கவலைப்பட்டு, படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல் போட்டு, சித்திரக்காரர்கள் ஆளுக்கொரு கலர் டியூப் வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் டியூப்கள் நடுவில் அமுங்கிக் கிடந்தன. டூத்பேஸ்டையும் அவள் அப்படித்தான் நடுவில் அமுக்குவாள் என்பது பால்துரைக்கு நினைவு வந்தது. வந்த நினைவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்த்தெருவில் யாரோ போவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

ஊர் இதற்குள் பழகிவிட்டது. படத்தில் வந்தவர்களுக்கு ஆயுசு முடிகிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, அரிராமன் கடையில் இரண்டு நாள் கூட்டம் குறைந்து, அவர் பாட்டுக்குக் கல் மாதிரி இருந்ததைப் பார்த்து அந்தப் பேச்சு தானே அடங்கியது. சாயங்காலமானால் பஜாரில் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையோடு நடந்தார்கள். சலூனில் இடம் கிடைக்கவில்லை. காய்கறி வாங்க வருகிற பெண்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து, வெண்டைக்காயை முறித்துப் பார்க்கும்போது முகத்தைக் கொஞ்சம் மேற்கே திருப்பி வைத்துக்கொண்டார்கள், படத்தில் வெயில் அந்தப் பக்கமிருந்துதான் விழுந்தது. சொர்ணபுஷ்பமோ பூ வைத்தவர்களை விட்டுவிட்டு, செருப்பு அறுந்து கையில் தூக்கிக்கொண்டு போனவளை வரைந்தாள். பத்திரகாளியம்மன் கோயில் தெரு அண்ணன் தம்பி இரண்டு பேர், வேலித் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாதவர்கள், ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்கிறதாக வந்துவிட்டது. வந்து பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியே போனார்கள், ஆனால் அன்று சாயங்காலம் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். வரைஞ்சாச்சே, இனி என்ன செய்ய என்று தம்பிக்காரன் சொன்னானாம். எப்படித்தான் வரைகிறாள் என்று பார்த்துவிடலாம் என்று கூடத்துக்குள் படுத்துக் காவல் இருந்த இரண்டு பேர், காலையில் எழுந்தபோது, வேப்பமரத்தடியில் வாயைப் பிளந்து தூங்குகிற இரண்டு பேராகப் படத்தில் இருந்தார்கள். பிறகு யாரும் காவல் இருக்கவில்லை.

சொர்ணபுஷ்பத்தின் தங்கச்சி கனகமணி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். மத்தியானச் சோறு கொண்டுவரும்போது, அத்தான், இன்னிக்கு யாரு வந்திருக்கா என்று கேட்டுக்கொண்டே தூக்குவாளியைத் திறப்பாள். பால்துரை சொல்வார். பால்காரர், லாட்ஜ் மேனேஜர், ஒரு நாய். சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்வதையும் கண் நிறைவதையும் அவர் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். இவளுக்கு வருகிறதே, எனக்கு ஏன் வரவில்லை என்று ஒரு நாள் நினைத்தார். அதற்கும் மேலே அந்த நினைப்பு நகரவில்லை.

மாசி பிறந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, பால்துரையின் குட்டியானை படத்தில் வந்தது. பாங்கின் மஞ்சள் சுவர் ஓரமாக நிறுத்தியிருந்தது. நம்பர் பிளேட், முன்பக்கம் வேப்பமரத்தில் மோதின நசுங்கல், பின்னால் கட்டின கயிறு, எதுவும் விட்டுப்போகவில்லை. டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது. சீட் காலியாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிற அளவுக்குச் சுவர் வெறுமையாக இருந்தது. அன்று முழுக்க பஜாரில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நாளைக்கு நீங்கதான் அண்ணாச்சி என்று அரிராமன் சொன்னார். கனகமணி வீட்டுக்கு வந்து நல்ல வெள்ளைச் சட்டையாக ஒன்று எடுத்துக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போட்டுக்கொண்டார்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் வந்தார். அதற்கு மறுநாள் டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். அப்புறம் தபால்காரர், கிளி ஜோசியர், கிளி. நகராட்சித் தலைவர்கூட முதுகு மட்டுமாவது வந்துவிட்டார். பஜார் நெரிந்தது, சாயங்கால நெரிசலில் எப்படி இருக்குமோ அப்படி. மஞ்சள் சுவர் மட்டும் காலியாகவே இருந்தது.

முதலில் எல்லோரும் பால்துரைக்காகக் காரணம் சொன்னார்கள். சரக்கு இறக்கப் போயிருப்பீங்க என்றார் ஒருவர். டீ குடிக்க வந்திருப்பாரு, கூட்டத்துல தெரியல என்றார் அரிராமன். நாள் போகப்போகக் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். அவர் கூடத்துக்குள் வந்தால் பேச்சு நின்றது. படத்தில் இருப்பவர்கள், தாங்கள் அங்கே இருப்பதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சோ, வெளியில தெரியுமா என்று சலூனில் ஒருவன் சொல்லி, மைதீனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான். ஜெயராணி போனில், அப்பா, அம்மாவுக்கும் உங்களுக்கும் கடைசியா ஏதும் சண்டையா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்து, இல்லம்மா, புளி தீந்துபோச்சுன்னு சொன்னா, வாங்கிட்டு வந்தேன் என்றார்.

கடைசியில் தேவசகாயம் சார் வண்டி நிறுத்தத்துக்கே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்கக் கூடாது. அந்த இடத்துல நான் உங்கள வரைஞ்சிடட்டுமா?"

"எதுக்கு சார்?"

"ஊரே இருக்கு. நீங்க இல்லாம அதப் பாக்க முடியல."

வேண்டுமா என்று பால்துரை தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார். வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

"உங்க இஷ்டம் சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், எல்லோர் கண் முன்னாலும், மாஸ்டர் வரைந்தார். பனைமரம் வரைந்து பழகிய கை என்றாலும் ஆள் அச்சு அசலாக வந்தார். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கதவில் சாய்ந்த தோள். அவள் மரியாதைக்காகப் பாதத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார். கூடத்தில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். கனகமணி சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இப்பதான் நிறைஞ்சிருக்கு என்றாள். வைதேகி எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலையில் கூடத்தைத் திறந்தபோது, அந்த இடத்தில் மஞ்சள் சுவர் இருந்தது. ஆள் இல்லை. அழித்த தடம்கூட இல்லாமல், வெயில் விழுகிற சுவர் எப்படி இருக்குமோ அப்படி, பொறுமையாகத் தீட்டியிருந்தது.

தேவசகாயம் சார் பால்துரை முகத்தைப் பார்க்கமாட்டாமல், தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அரிராமன் படத்தின் முன்னால் நின்று, என்னை வேணா எடுத்துட்டு அண்ணாச்சிய அங்க நிப்பாட்டும்மா என்று வேண்டிக்கொண்டார். முப்பிடாதி, இது நல்லாயில்ல புஷ்பம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். உயிரோடிருக்கும்போது ஒருவரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை, அன்று ஊரே அவளோடு கோபித்துக்கொண்டது. ஸ்டூலில் யாரும் டியூப் வைக்கவில்லை. படத்தில் அதற்கப்புறம் புது ஆளும் வரவில்லை. மத்தியானம் கனகமணி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

"எங்க அக்கா அப்படிப்பட்டவ இல்ல அத்தான்."

"தெரியும் கனகு. அழாத."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

பால்துரை உருண்டையை வாயில் போட்டு மென்று விழுங்கினார். "இல்லம்மா" என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் சுவரைப் பார்க்கிற மாதிரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தூக்குவாளியைக் கழுவ எழுந்தாள்.

பங்குனி வந்தது. கண்காட்சி முடிந்தது, அடுத்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படங்கள் வரவேண்டும். வழக்கம்போல் பால்துரை ஏணியோடு வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். பனைமரங்களை மாஸ்டர் வீட்டிலும் கப்பல்களைச் சைக்கிள் கடையிலும் சாமிகளைப் பல் டாக்டர் வீட்டிலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, சாயங்காலம் கடைசியாக அவள் படத்துக்கு வந்தார். அதை என்ன செய்வது என்று சங்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் வீட்டுக்குத்தான் போகவேண்டும், ஆனால் போகிற படத்தில் அவர் இல்லையே என்கிற சங்கடத்தில் எல்லோரும் வேறு வேலை இருக்கிற மாதிரி நின்றார்கள். ஆணியிலிருந்து எடுத்தபோது படம் அவர் நினைத்ததைவிடக் கனத்தது. ஒரு ஊரே ஏறி உட்கார்ந்திருந்தால் கனக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு, தலைக்குக் கொடுத்து, முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் சாய்த்து வைத்தார்.

சாக்கு சுற்றுவதற்காக அதை அணைத்துப் பிடித்தபோது உள்ளங்கை மஞ்சள் சுவரில் அழுந்தியது. ஒட்டிக்கொண்டது. கையை எடுத்துப் பார்த்தார், மஞ்சளாக இருந்தது. மாஸ்டர் வரைந்தது அழிந்து இத்தனை நாள் கழித்தும் அந்த இடம் ஈரமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து இறுகிக் கிடந்தது, அரிராமன் காய்ந்துவிட்டார், நாய் காய்ந்துவிட்டது, இந்த இடம் மட்டும் நேற்றுத் தீட்டிய மாதிரி இருந்தது. மறுபடியும் விரலை வைத்தார். வழுவழுப்பாக இல்லை. மேடும் பள்ளமுமாக இருந்தது, விரல் தடிமனுக்குச் சாயம் ஏறியிருந்தது. மேற்கேயிருந்து வந்த வெயில் படத்தின்மேல் சாய்வாக விழ, கூடத்தின் டியூப்லைட்டில் யாருக்கும் தெரியாதது அங்கே தெரிந்தது. மஞ்சளுக்கு அடியில் ஒரு தோள் இருந்தது. அந்தத் தோளுக்கு மேலே கொஞ்சம் தள்ளி இன்னொரு தோள். ஒரு தலை, அதன்மேல் இன்னொரு தலை, மடித்துக் கட்டின வேட்டியின் விளிம்பு, அதற்கடியில் இன்னொரு வேட்டி, சாய்ந்து நிற்கிற ஆள், குனிந்து நிற்கிற ஆள், கயிறு முடிகிற ஆள், ஒருவருக்குள் ஒருவராக, கோலத்தின்மேல் கோலம் போட்ட வாசல் மாதிரி.

"சார்" என்று கூப்பிட்டார். சத்தம் சரியாக வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

தேவசகாயம் சார் வந்தார். பால்துரை விரலால் காட்டினார். மாஸ்டர் கன்னத்தைக் கேன்வாஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என்னோடது இதுல ஒண்ணுதான் அண்ணாச்சி. மத்ததெல்லாம் அவங்க வரைஞ்சது."

"எத்தனை வாட்டி?"

"எண்ண முடியாது. வண்டி வந்த நாள்லேர்ந்து தினமும் உங்களத்தான் வரைஞ்சிருக்காங்க. வரைஞ்சு வரைஞ்சு அழிச்சிருக்காங்க. மத்தவங்கள எல்லாம் இடையில ஒரு ஓய்வுக்குப் போட்டிருக்காங்க போல."

"ஏன் அழிக்கணும்?"

"உடம்பெல்லாம் வந்திருக்கு. முகத்துக்கு வந்ததும் அழிச்சிருக்காங்க. ஆள் பிடிபடல அண்ணாச்சி."

"அவளுக்கா? பக்கத்துலேயே இருந்தேனே சார்."

"இருந்தீங்க" என்றார் மாஸ்டர்.

வண்டியின் பக்கக் கண்ணாடியில் பால்துரைக்குத் தன் முகம் தெரிந்தது. சவரம் பண்ணிய, சாப்பிட்ட, தூங்கி எழுந்த முகம். மார்கழியிலிருந்து அதில் ஒன்றும் நடக்கவில்லை. பூட்டின கடையின் தகரக் கதவு மாதிரி இருந்தது. அதைத்தான் அவள் தினமும் வந்து பார்த்துவிட்டு, இது அவர் இல்லை, இது அவர் இல்லை என்று அழித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

விரல் நுனியில்தான் முதலில் குத்தியது. சாயம் ஒட்டின விரல்.

பால்துரை சாக்கை அவிழ்த்துப் போட்டார். படத்தைத் தலைக்குக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள்ளேயே திரும்பிப் போனார். ஏணி போடாமல் எட்டியே பழைய ஆணியில் மாட்டினார். வாட்ச்மேன் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, படத்துக்கு நேர் எதிரே, முகத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். போட்டோ ஸ்டுடியோவில் உட்காருகிற மாதிரி முதலில் விறைப்பாகத்தான் இருந்தார். அதற்குள் பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளின் படங்களோடு வந்துவிட்டாள். மாஸ்டர் அவளிடம் ஏதோ சொன்னார், அவள் தலையாட்டினாள். அவரைச் சுற்றி வேலை நடந்தது. மைதீன் ஆணி அடித்தார், வைதேகி கயிறு கட்டினாள், மயிலும் மலையும் ராக்கெட்டும் சுவரில் ஏறின, மின்விசிறி ஓடியது, பஞ்சு உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. யாரும் அவரை எழுப்பவில்லை, யாரும் அவரைச் சுற்றிக்கொண்டு போகச் சலித்துக்கொள்ளவும் இல்லை.

"பாத்துக்கோ புஷ்பம்" என்றார் பால்துரை. "நல்லா பாத்துக்கோ."

சொன்னதும் முதலில் உதடு கோணியது. பிறகு தாடை. முகத்தைப் பொத்திக்கொள்ளக் கை தானாக எழும்பியது, அதைப் பிடித்துத் திரும்பத் தொடைமேலேயே வைத்துக்கொண்டார், பொத்தினால் அவளுக்குத் தெரியாது. அப்படியே, திறந்த முகத்தோடு, சுத்தியல் சத்தத்துக்கு நடுவில், வந்ததையெல்லாம் வரவிட்டு உட்கார்ந்திருந்தார். கனகமணி வாசலில் வந்து நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை. விளக்கு வைத்த பிறகு அவளே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், அன்று அவர் சாப்பிடவில்லை.

அந்தப் படம் இன்றும் பருத்திவிளைக் கூடத்தில்தான் இருக்கிறது. வேறு எந்தக் கண்காட்சி நடந்தாலும் அதைக் கழற்றுவதில்லை. நெரிசலான சாயங்கால பஜார், ஆளாளுக்கு அவரவர் வேலை, வடை தின்கிறவர்கள், தூங்குகிறவர்கள், அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவள். மஞ்சள் சுவர் ஓரமாக, திறந்து கிடக்கிற வண்டிக் கதவுக்குப் பக்கத்தில், நடுத்தெரு என்றும் பார்க்காமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பெரிய பாதங்களை அகல ஊன்றி, ஒரு ஆள் உட்கார்ந்து அழுகிறார். ஜனங்கள் அவரை இடிக்காமல் விலகிப் போகிறார்கள். அவரை வரைந்ததோடு அவள் நிறுத்திக்கொண்டாள். மற்றதெல்லாம் அந்தக் கோடைக்குள் காய்ந்துவிட்டது. அந்த முகம் மட்டும் வெகுநாள் ஈரமாகவே இருந்தது, பிள்ளைகள் விரல் வைத்துவிடக் கூடாதென்று அடுத்த மழைக்காலம் வரைக்கும் முன்னால் ஒரு கயிறு கட்டி வைத்திருந்தார்கள்.